ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா?



நம் பாட்டிமார்கள் வீட்டிலேயே மருத்துவச்சியை வைத்து பிள்ளை பெற்றார்கள். இன்று தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆனாலும் பிரசவத்தில் தாய் இறப்பது அடியோடு நிற்கவில்லை. ஏன்?

வெள்ளைக்காரர் நாட்டிலும் ஒரு காலத்தில் இதே கேள்வி எழுந்தது. இங்கிலாந்தில் 1918-இல் சட்டம் போட்டு, ஊர் ஊராக தாய்சேய் நல நிலையம் திறந்தார்கள். இருந்தும் 1930-களின் நடுப்பகுதி வரை ஆயிரம் பிரசவத்துக்கு நாலு தாய்மார் இறந்தார்கள். 1936-இல் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைச் சம்பளத்துக்கு அமர்த்த சட்டம் வந்தது. பிரசவ ஜுரத்துக்கு சல்ஃபா மருந்தும் அப்போதுதான் வந்தது. அதன் பிறகே சாவு குறைந்தது. கட்டடம் மட்டும் உயிரைக் காப்பாற்றாது; சரியான நேரத்தில் சரியான கவனிப்பு வேண்டும்.

நேரம் எங்கே வீணாகிறது? மூன்று இடத்தில்.

1. வீட்டில்: "அவர் வரட்டும், விடியட்டும்" என்று காத்திருப்பது. ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்குவது, முகம் கை வீக்கம், வலிப்பு, அதிக ஜுரம், பனிக்குடம் உடைவது, குழந்தை அசைவு குறைவது – இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

2. வழியில்: 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது. ஊர் பேரோடு, தெருவுக்கு ஒரு அடையாளமும் சொல்லுங்கள்.

3. ஆஸ்பத்திரியில்: பரிசோதனை அட்டை இல்லாமல் போவது, ரத்தத்துக்கு அலைவது. ரத்த சோகை, பிரஷர், இரட்டைக் குழந்தை, முன்பு ஆபரேஷன் ஆனவர்கள், ஆரம்ப சுகாதார நிலையமா, உத்திரமேரூரா, காஞ்சிபுரமா, செங்கல்பட்டா, எங்கே பிரசவம் என்று நர்சம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் படி, மூன்று மாதம் முடிவதற்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பேர் பதிவது. அப்போது கிடைக்கும் பிக்மி எண் பிறப்புச் சான்றிதழுக்கும் தேவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுதான் ஆதாரம். 2006-இல் 6,000 ரூபாயாக இருந்த இந்த உதவி, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து 18,000 ஆனது. ஏழைக் குடும்பங்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் 2011 முதல் இலவசம். யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

குழு என்ன செய்யலாம்? மாதக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும், "நம்ம தெருவுல யார் முழுகாம இருக்காங்க? பேர் பதிஞ்சாச்சா? ரத்தம் எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் சோகை. இரும்புச்சத்து மாத்திரையைப் பரணில் போடாமல் விழுங்க வையுங்கள். ராத்திரி வலி வந்தால் கூடப் போக ஒரு ஆள், ரத்தம் கொடுக்க இரண்டு பேர், அவசரக் கடனாக கொஞ்சம் பணம் – இவற்றை முன்னாடியே தீர்மானத்தில் எழுதி வையுங்கள்.

சேமிப்பில் சேர்ந்த நாம், உயிர் காப்பதிலும் சேர்வோம்.