மகன் மீது கஞ்சா வழக்கு

பிள்ளை கஞ்சாவுடன் பிடிபட்டான் என்ற செய்தி வந்ததும் நம் குடும்பங்கள் முதலில் செய்வது கதவைச் சாத்திக்கொள்வதுதான். அண்டை வீட்டார் அறியலாகாது; பங்குக் குருவின் செவிக்கும் எட்டலாகாது. இரண்டு மூன்று நாள்கள் கண்ணீரில் கழிகின்றன. பின்னர், "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஓர் இடைத்தரகர் வருகிறார்; தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் நாம் கண்டது இது. வீணாகும் அந்த முதல் நாள்களே வழக்கிற்கு மிக இன்றியமையாதவை.

இவ்வழக்குகள் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. 2001-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின், தண்டனையை நிர்ணயிப்பது பெரும்பாலும் எடையே. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாயின் அது சிறு அளவு. ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டுச் சிறை, பிணை பெறுவதும் மிக அரிது. இடைப்பட்ட அளவிற்கு 10 ஆண்டு வரை. ஹெராயினுக்கோ இவ்வெல்லைகள் 5 கிராமும் 250 கிராமுமே. ஆகவே, மகசரில் என்ன எடை எழுதப்பட்டுள்ளது என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி. பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதியையே சட்டம் கஞ்சா என்கிறது. அவற்றோடு சேராத வெறும் இலையும் விதையும் அதில் அடங்கா. தேர்ந்த வழக்கறிஞர் இதையும் கவனிப்பார்.

கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது அவருக்கு அரசியலமைப்பு அளித்த உரிமை. விசாரணை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு அவரைத் தண்டிக்க இயலாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளை 18 வயது நிரம்பாதவனாயின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்திற்குச் செல்லும். வயதை மெய்ப்பிக்க ஞானஸ்நானச் சான்று கேட்டு நம்மிடம் ஓடி வருகிறார்கள். சட்டம் முதலில் கேட்பதோ பள்ளிச் சான்றிதழை, அஃதில்லையேல் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றை.

வழக்கறிஞரை எங்ஙனம் தேடுவது? நிலப் பத்திரம் எழுதித் தந்தவர் நல்லவராயிருக்கலாம். இவ்வழக்கிற்கு அது போதாது. போதைப்பொருள் வழக்குகளைச் சிறப்பு நீதிமன்றத்தில் நடத்திப் பழகியவர் வேண்டும். தாமே ஆஜராவாரா, கட்டணம் எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று கேளுங்கள், ரசீதும் பெறுங்கள். ஒரு வாரத்தில் விடுதலை என்று வாக்களிப்பவரை நாம் நம்புவதற்கில்லை. தெரிவு செய்தபின் அவரிடம் ஒன்றையும் மறைக்காதீர்கள். பாவசங்கீர்த்தன இரகசியத்திற்கு அது ஈடாகாதெனினும், கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியிடலாகாது என்பது சட்டம்.

பணமில்லாதவர் கடன் வாங்க வேண்டியதில்லை. காவலில் உள்ள எவரும், வருமானம் எதுவாயினும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி இலவச வழக்கறிஞர் பெற உரியவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்யலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவச வக்கீல் ஏனோதானோ என்று நடத்துவார் என்ற பேச்சு எங்கும் உண்டு. எல்லாரையும் அவ்வாறு தள்ளுவது நியாயமன்று. அசட்டை செய்பவரை மாற்றித் தரும்படி அக்குழுவையே வேண்டலாம்.

குற்றம் செய்தவனுக்கு வழக்கறிஞர் வைப்பது பாவத்திற்குத் துணைபோவதாகாதா என்று பக்தியுள்ள தந்தை ஒருவர் நம்மை வினவினார். 1303-இல் மறைந்த புனித ஈவோ பிரான்சின் பிரித்தானி நாட்டுக் குரு. நீதிமன்றத்தில் ஏழைகளுக்காக வாதாடியவர். அவரையே திருச்சபை வழக்கறிஞர்களின் பாதுகாவலராகக் கொண்டாடுகிறது. பொய்ச்சாட்சி தயாரிப்பது பாவம். சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்பது பாவமன்று.

பிள்ளை போதைக்கு அடிமைப்பட்டவனாயின் மற்றொரு வழியும் உண்டு. உட்கொண்டதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அச்சட்டத்தின் 64-அ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. இதனை வழக்கறிஞரிடம் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம்.