எட்டு இருபது வண்டி

அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார். குரோம்பேட்டையில் காலை 8.20 வண்டியைப் பிடித்தால் ஒன்பதே காலுக்குள் சென்னைக் கடற்கரை நிலையம். அங்கிருந்து பாரிமுனைக்கு நடை. 1931-ல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் அது. கூட்டம் சொல்லி மாளாது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன நாட்களும் உண்டு. ஆனால் எத்தனை மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்குச் சேரலாம் என்பது அவருக்குத் தெரியும். அதே பெட்டி, அதே முகங்கள். ஒருவர் வாங்கிய பேப்பர் நாலு கை மாறும். பல்லாவரத்தில் ஏறுகிறவருக்கு இடம் போட்டு வைப்பார்கள். மேலதிகாரியைப் பற்றி வீட்டில் ஆயிரம் குறை சொல்வார். போய்வருவது முடியவில்லை, வேலையை விடுகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

தங்கை 2018-ல் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். தரமணியில் 2000-ல் டைடல் பார்க் திறந்தபின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் எழுந்தன. வேலை தெற்கே போயிற்று, தண்டவாளம் கூடவே போகவில்லை. இருநூறடி சாலை, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என்று ஒவ்வொரு சிக்னலாகக் கடக்க வேண்டும். ஒருநாள் ஒன்றேகால் மணி நேரம் ஆகும், மழை பெய்தால் இரண்டரை. இன்று எது என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பயந்தே முன்கூட்டிக் கிளம்புவாள். அப்படியும் தாமதமாகிவிட்டால் மீட்டிங்கில் தலைகுனிவு. ஞாயிறு சாயங்காலமே முகம் வாடிவிடும், வேலையை விட்டுவிடலாமா என்பாள்.

2020-ல் வீட்டிலிருந்து வேலை. அதே மேனேஜர், அதே டெட்லைன், சொல்லப்போனால் வேலை நேரம் கூடியது. அந்த நாட்களில் வேலையை விடுவது பற்றி அவள் வாயே திறக்கவில்லை. எது அவளை விரட்டியது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களை ஒருநாள் பொழுதைப் பகுதி பகுதியாக நினைவுகூரச் சொல்லி 2004-ல் வெளியிட்ட ஆய்விலும், மனம் மிகக் குறைவாக மகிழ்ந்த நேரம் காலைப் பயணம்தான்.

மறுபடி அலுவலகத்துக்கு அழைத்தார்கள். அதற்குள் மாதவரம்–சிறுசேரி மெட்ரோ பணிக்காகச் சாலை நடுவே தடுப்புகள். 2023-ல் பேப்பர் போட்டாள். சம்பளம் கூட்டித் தருகிறோம் என்றார்கள், மாட்டேன் என்றாள். காரணம் கேட்ட படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினாள். சாலையைக் குறிக்க அதில் கட்டம் இல்லை. இந்தத் தலைமுறைக்கு ஓரிடத்தில் நிலைக்கத் தெரியவில்லை என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது கிண்டியில் வேலை. சம்பளம் குறைவு. சேர்வதற்கு முந்தின இரவு அப்பா கேட்டார்: “எத்தனை மணி வண்டிம்மா?”

“எதுல ஏறினாலும் இருபது நிமிஷம்தாம்ப்பா.”