சி16, சி24: மரச்சட்டத்தின் முத்திரை சொல்வது என்ன?

பிரிட்டனில் வீட்டுத் தரையையும் கூரையையும் தாங்கும் மரச்சட்டங்களில் சி16, சி24 என்ற முத்திரையைக் காணலாம். 'சி' என்றால் ஊசியிலை மரம். எண், அந்த வகுப்பின் வளைவு வலிமை: சி24 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 24 நியூட்டன். இது சராசரி அல்ல. நூறு சட்டங்களை வளைத்து உடைத்தால் ஏறத்தாழ ஐந்து மட்டுமே இந்த அளவுக்குக் கீழே உடையலாம். மற்றவை கூடுதலாகவே தாங்கும்.

வலிமை உடையாமல் தாங்குவது; விறைப்பு வளையாமல் நிற்பது. நடந்தால் அதிரும் தரை உடைந்துவிடப் போவதில்லை, ஆனால் அதன்மேல் யாருக்கும் குடியிருக்கப் பிடிக்காது. எனவே விறைப்பைக் காட்டும் யங் குணகத்துக்கும் சராசரி அளவு உண்டு: சதுர மில்லிமீட்டருக்கு சி16க்கு 8,000, சி24க்கு 11,000 நியூட்டன். ஆணியும் போல்ட்டும் பிடித்து நிற்க அடர்த்தியும் வேண்டும். இம்மூன்றில் எது பின்தங்குகிறதோ, அதுவே வகுப்பைத் தீர்மானிக்கிறது.

உடைக்காமல் வலிமையை அறிய முடியாது. உடைத்தபின் சட்டமே இல்லை. அதனால் தரம்பிரிப்பு எப்போதும் ஊகக் கணக்குதான்.

பழைய வழி, கண்ணால் பார்ப்பது. தரம்பிரிப்பவர் சட்டத்தைப் புரட்டி நான்கு முகங்களிலும் கணுக்களைத் தேடுவார். கிளை, தண்டின் நடுவிலிருந்து கேரட்போல விரிந்து வருவதால், வெளியே தெரியும் வட்டங்களை வைத்து உள்ளே கணு எவ்வளவு இடம்பிடித்திருக்கிறது என்று மதிப்பிடுவார். 'எஸ்.எஸ்.' (ஸ்பெஷல் ஸ்ட்ரக்சுரல்) தரத்துக்குக் குறுக்குவெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணு கூடாது. மேல் கீழ் விளிம்பை ஒட்டிய கால்பங்குப் பகுதி ஏதாவது ஒன்றில் பாதிக்கு மேல் கணு இருந்தால், வரம்பு ஐந்தில் ஒன்றாகக் குறையும். பாரம் ஏறும்போது இழுபட்டுக் கிழிவது விளிம்புதானே. ஆனால் தரம் ஒன்றே ஆனாலும் வகுப்பு மாறும்: ஐரோப்பாவிலிருந்து வரும் ஸ்புரூஸ் எஸ்.எஸ். என்றால் சி24, பிரிட்டனில் வளர்ந்தது சி18தான்.

இயந்திரம் விறைப்பை அளந்து வலிமையை ஊகிக்கிறது. சில இயந்திரங்கள் உருளைகளுக்கிடையே சட்டத்தை லேசாக வளைக்கும். சில, முனையில் சிறு சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்கும். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதில் கணக்கையும் சேர்த்த மாதிரி. 4 மீட்டர் சட்டம் நொடிக்கு 600 முறை அதிர்ந்தால், ஒவ்வோர் அதிர்விலும் ஒலி முனைக்கு முனை போய்த் திரும்புவதால், அது சட்டத்தினுள் நொடிக்கு 4,800 மீட்டர் ஓடுகிறது. இதன் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் யங் குணகம் கிடைக்கும். அடர்த்தி கன மீட்டருக்கு 450 கிலோ என்றால் விடை சுமார் 10,400: சி24 சராசரிக்குச் சற்றுக் கீழே.

பிரிட்டனின் முக்கியத் தோட்ட மரமான சிட்கா ஸ்புரூஸ் வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. 1831இல் தாவரச் சேகரிப்பாளர் டேவிட் டக்ளஸ் அதை பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்தினார். வேகமாக வளர்ந்து, இளவயதிலேயே வெட்டப்படுவதால், தண்டில் நடுப்பகுதியின் பங்கு அதிகம். தமிழ்நாட்டுத் தச்சர் தேக்கின் நடுவை வைரம் என்று போற்றுவார். சிட்காவில் நேர்மாறு: முதல் சில வளையங்களில் செல்சுவரின் நுண்ணிழைகள் சாய்ந்து கிடப்பதால் அங்கே விறைப்பு குறைவு. பெரும்பாலும் சி16ஆகவே அது விற்கப்படுவதற்கு விறைப்பே காரணம், வலிமை அல்ல.

முத்திரையிட்ட சட்டத்தை நீளத்தில் குறைத்தால் தரம் கெடாது. நெடுக்கில் இரண்டாகப் பிளந்தால் முத்திரை செல்லாது: நடுவில் இருந்த கணு இப்போது விளிம்புக்கு வந்திருக்கலாம்.