வலிக்கு எத்தனை விழுக்காடு?

முடக்குவாதம் உறுதியான பின்னும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்கவில்லையே என்று பலர் வருந்தக் கேட்டிருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இட ஒதுக்கீடு போன்ற பலன்களுக்கு 40 விழுக்காடு குறைபாட்டை வரம்பாக வைக்கிறது. அங்கு அளக்கப்படுவது நோயின் பெயர் அன்று. மூட்டின் அசைவு, தசையின் வலிமை போன்றவைதான். முடக்குவாத இறுக்கமோ காலையில் கடுமையாகி, நண்பகலில் தளரக்கூடியது. மருத்துவமனையில் முறை வருவதற்குள் விரல்கள் ஓரளவு மடங்கிவிடும்; சட்டைப் பொத்தானைப் போட இயலாத காலைப்பொழுது கணக்கில் வராமல் போகும். ஆகவே, எக்ஸ்ரே, தொடர் சிகிச்சைக் குறிப்புகளுடன், செய்ய இயலாத அன்றாட வேலைகளையும் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. முடிவு ஏற்புடையதாக இல்லையெனில் மேல்முறையீட்டுக்குச் சட்டம் வழி தருகிறது. எனினும், ஒரு நாள் அளவீட்டை மட்டுமே நம்பாத மதிப்பீட்டு முறையை வகுப்பது அரசின் கடமை என்பேன்.