பம்பு இல்லாத கீரைப் பெட்டி

மண்ணின்றிக் கீரை வளர்க்கப் பம்பும் மின்சாரமும் வேண்டும் என்றே நண்பர்கள் பலர் எண்ணுகின்றனர். தேவையில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறையில், பெட்டியில் உரநீரை ஊற்றி, மூடியில் துளையிட்டு நாற்றைப் பொருத்தினால் போதும். என் வீட்டுப் பின்புறத்தில் சாவிக் கீரை இப்படித்தான் வளர்கிறது.

செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். உடனே விளிம்புவரை நிரப்பிவிடாதீர்கள். மூடிக்கும் நீருக்கும் இடையே தொங்கும் வேர்களே காற்றை உறிஞ்சுகின்றன. அவை மூழ்கினால் செடி வாடும். (கங்கோங் விதிவிலக்கு, அது குளத்திலேயே வளர்வது.) நம் வெயிலில் இது இன்னும் முக்கியம். 20 பாகை செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் 7.5 மட்டுமே. பெட்டி நிழலில் இருக்கட்டும், இலைக்கு மட்டும் வெயில் படட்டும்.

கடையில் விற்கும் 'ஏ', 'பி' உரக் கரைசல்களை நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஒன்றிலுள்ள கால்சியம் மற்றதிலுள்ள சல்பேட், பாஸ்பேட்டுடன் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். முதலில் ஒன்றை நீரில் கரைத்து, பிறகு மற்றதை ஊற்றுங்கள்.

கீரை பறிக்க ஒரு மாதம் ஆகும். ஏடிஸ் கொசுவின் முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே துளையின் இடைவெளிகளைப் பஞ்சால் அடைத்து, வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கிப் பாருங்கள்.