அரபு நாடுகள் எவை?



ரமளான் மாதத்தின் ஒரு மாலை. நோன்பு திறப்பதற்காகப் பேரீச்சம்பழப் பெட்டியைப் பிரித்தோம். அதன் மேல் அச்சிடப்பட்டிருந்ததைப் படித்த மதரஸா மாணவன் ஒருவன், "ஹஸ்ரத்! அரபு நாட்டுப் பழம் என்றுதானே கடைக்காரர் கொடுத்தார்? இதில் ஈரான் என்று போட்டிருக்கிறதே! ஈரானும் அரபு நாடுதானே?" என்று கேட்டான். "இல்லை" என்றேன். "அங்கும் முஸ்லிம்கள்தானே இருக்கிறார்கள்?" என்று அவன் விடவில்லை. அதற்குள் பாங்கு சொல்லப்பட்டது. பேச்சு அத்துடன் நின்றது.

சிறுவனின் கேள்விதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. நம் இல்லங்களில் பெரியவர்களும் 'அரபு நாடு', 'முஸ்லிம் நாடு', 'மத்தியக் கிழக்கு' ஆகிய மூன்றையும் ஒரே பொருளில்தான் வழங்கி வருகிறோம். உண்மையில் இவை மூன்றும் வெவ்வேறு வட்டங்கள். ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று முழுமையாகப் பொருந்தாதவை.

யாருக்குக் கிழக்கு?

'மத்தியக் கிழக்கு' என்ற பெயரை அப்பகுதி மக்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஆல்ஃபிரட் மஹான் 1902-இல் லண்டன் இதழொன்றில் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இப்பெயர் பரவலாயிற்று. லண்டனில் இருப்பவருக்கு அது கிழக்கு. நமக்கோ அது மேற்கு. கஅபாவை நோக்கி நாம் திரும்பும் திசை. ஆகவேதான் இந்திய அரசு அப்பகுதியை 'மேற்கு ஆசியா' என்று குறிப்பிடுகிறது.

அந்த மேற்கு ஆசியாவுக்கும் ஒரே எல்லை இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிவரப் பகுப்பில் துருக்கி, சைப்ரஸ், ஜார்ஜியா, ஆர்மீனியா ஆகியவை மேற்கு ஆசியாவில் அடங்குகின்றன. எகிப்து வட ஆப்பிரிக்காவில் சேர்க்கப்படுகிறது. ஈரானோ நம் இந்தியாவுடன் தெற்காசியாவில் வைக்கப்பட்டுள்ளது! ஆனால் நாளிதழ்கள் மத்தியக் கிழக்கு என்று எழுதும்போது எகிப்தையும் ஈரானையும் விடாமல் சேர்த்துக்கொள்கின்றன.

பெயர் வைப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே பெயர் அமைகிறது. இது மேலை நாட்டவரிடம் மட்டும் காணப்படும் வழக்கமன்று. நம் சோழமண்டலக் கடற்கரையை அக்கால அரபியர் 'மஃபர்' என்று அழைத்தனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். கடலில் வந்து போன அவர்களுக்கு இது கடக்கும் துறை. இங்கேயே பிறந்து வாழ்ந்த நம் முன்னோருக்கோ இதுவே வீடு.

அரபுலகின் எல்லை

அரபு நாடுகள் எவை என்பதற்கு ஓரளவு திட்டமான விடை அரபு லீகில் கிடைக்கிறது. 1945-இல் கெய்ரோவில் தோன்றிய இவ்வமைப்பில் இன்று 22 உறுப்பு நாடுகள் உள்ளன. பாலஸ்தீனம் உள்ளிட்ட 12 நாடுகள் ஆசியாவிலும், 10 நாடுகள் ஆப்பிரிக்காவிலும் இருக்கின்றன. கிழக்கே ஓமன் முதல் மேற்கே அட்லாண்டிக் கரையிலுள்ள மொராக்கோ, மவுரித்தானியா வரை இவ்வுலகம் பரந்து கிடக்கிறது. நம் பிள்ளைகள் பிழைப்புக்குச் செல்லும் வளைகுடா நாடுகள் அதன் ஒரு மூலை மட்டுமே.

இவர்களை இணைக்கும் முதல் கயிறு அரபு மொழி. ஆனால் மொழி ஒன்றே அளவுகோல் என்றும் சொல்லிவிட முடியாது. சோமாலி மொழி பேசும் சோமாலியா 1974-இல் லீகில் சேர்ந்தது. ஸ்வாஹிலிக்கு நெருக்கமான மொழியைப் பேசும் கொமோரோஸ் தீவுகள் 1993-இல் சேர்ந்தன. அரபு மொழியை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சாட் நாடோ அதில் உறுப்பினர் இல்லை. பாரசீகம் பேசும் ஈரானும் துருக்கி மொழி பேசும் துருக்கியும் அரபு நாடுகள் அல்ல.

அரபியர் அனைவரும் முஸ்லிம்களும் அல்லர். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் நபித்தோழர்கள் அங்கு செல்வதற்கு முன்பிருந்தே வாழ்பவர்கள். லெபனானில் குடியரசுத் தலைவர் பதவி மரோனைட் கிறிஸ்தவருக்கு உரியது என்பது நிலைத்த மரபு.

மார்க்கத்தின் விரிவு

மூன்றாவது வட்டம் மிகப் பெரியது. 1969-இல் மஸ்ஜிதுல் அக்ஸாவுக்குத் தீ வைக்கப்பட்ட கொடுமையை அடுத்து, மொராக்கோவின் ரபாத் நகரில் முஸ்லிம் நாட்டுத் தலைவர்கள் கூடினர். அதிலிருந்து பிறந்த இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் இன்று 57 நாடுகள் உள்ளன. தென் அமெரிக்காவின் கயானாவும் சுரினாமும்கூட அதில் உண்டு. கோடிக்கணக்கான முஸ்லிம்கள் வாழும் நம் இந்தியா அதில் இல்லை!

உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளுள் ஒன்று இந்தோனேசியா. அது அரபு நாடன்று. உலக முஸ்லிம்களில் அரபியர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே.

இமாம் புகாரி (ரஹ்) பிறந்த புகாராவும் இமாம் திர்மிதி (ரஹ்) பிறந்த திர்மிதும் இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ளன. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் நைஸாபூரும் இப்னு மாஜா (ரஹ்) அவர்களின் கஸ்வீனும் ஈரானில் உள்ளன. நம் மதரஸாக்களில் ஓதப்படும் அரபு இலக்கணத்திற்கு அடித்தளமிட்ட ஸீபவைஹி பாரசீகர். அரபியருக்கே அரபு இலக்கணம் வகுத்துத் தந்தவர் அரபியரல்லாத ஒருவர் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!

இதனால் நமக்கு என்ன?

வளைகுடாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளை, உடையிலோ உணவிலோ திருமணச் சடங்கிலோ ஒரு புதிய வழக்கத்தைக் கொண்டுவருகிறான். தாயோ பாட்டியோ தயங்கினால், "அரபு நாட்டில் இப்படித்தான்" என்கிறான். அத்துடன் வீட்டில் எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள்.

எந்த அரபு நாட்டில் என்று எவரும் கேட்பதில்லை. ஓமானியர் பூவேலைத் தொப்பி அணிகின்றனர்; சூடானியர் பெரிய தலைப்பாகை கட்டுகின்றனர். மொராக்கோ மக்கள் மாலிகி மத்ஹபைப் பின்பற்றுகின்றனர். நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஷாஃபிஈ மத்ஹப் வழங்குகிறது. ஒரு நாட்டின் வழக்கம் அந்நாட்டின் வழக்கமே. அது மார்க்கத்தின் ஆதாரம் ஆகிவிடாது. ஆதாரம் குர்ஆனிலும் நபிவழியிலும் உள்ளது. அவற்றை விளக்கிய இமாம்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள்.

அரபு மொழியை நேசிப்போம். அது வேதத்தின் மொழி. அதற்காக அரபு மண்ணில் கண்டதையெல்லாம் தீன் என்று கருத வேண்டியதில்லை. நம் மண்ணின் நல்வழக்கங்களைத் தாழ்வாக எண்ண வேண்டியதும் இல்லை. இறையச்சத்தாலன்றி அரபியருக்கும் மற்றவருக்கும் இடையே ஏற்றத்தாழ்வு இல்லை என்பது அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் அளித்த போதனையல்லவா?

மறுநாள் பாடவேளையில் கரும்பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்து, ஈரானை எங்கே வைப்பது என்று அம்மாணவனையே கேட்டேன். சற்று யோசித்து, சரியான இடத்தில் வைத்தான். பிறகு, "இந்தியாவை எங்கே வைப்பது, ஹஸ்ரத்?" என்றான். "மூன்று வட்டங்களுக்கும் வெளியே வை. ஆனால் நாம் உம்மத்துக்கு வெளியே இல்லை" என்றேன்.

உங்கள் வீட்டுச் சுவரில் ஓர் உலகப்படத்தை மாட்டுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்தி இந்நாடுகளைத் தேடச் சொல்லுங்கள். இறைவன் நம்மைப் பல கூட்டத்தாராக ஆக்கியிருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே. அந்த அறிவை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.