பல் போனால் பயணம் போச்சு

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலம் வருகின்றன. அண்ணாமலையாரின் பெரிய தேரை நிலையிலிருந்து அசைப்பதற்கு, வடம் பிடித்தவர்கள் அத்தனை பேரும் தம் பலம் முழுவதையும் கொடுத்து இழுக்க வேண்டும். நகர்ந்துவிட்டாலோ அவ்வளவு சிரமமில்லை. மேடு வந்தால் மறுபடியும் மூச்சைப் பிடித்து இழுப்பார்கள். அந்தத் தேருக்குக் கியர் கிடையாது. ஜனங்களின் கைகளே கியர்.

நம் வீட்டு மோட்டார் வண்டியின் சங்கதி வேறு. மெதுவாகச் சுழலும் என்ஜினுக்கு வலிமை போதாது. நிற்கும் வண்டியை நேராக அதனுடன் பிணைத்தால் வண்டி நகராது, என்ஜின்தான் நின்றுபோகும். ஆகவே வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கும் ஒரு பண்டமாற்று வியாபாரம் நடந்தாக வேண்டும். 12 பற்கள் உள்ள சக்கரம் 36 பற்கள் உள்ள சக்கரத்தைச் சுழற்றினால், பெரிய சக்கரத்தின் வேகம் மூன்றில் ஒரு பங்காகிறது. அதன் முறுக்கு வலிமை ஏறக்குறைய மும்மடங்காகிறது. இத்தகைய ஜோடிகள் பலவற்றை எண்ணெயில் ஓடவிட்ட பெட்டியே கியர் பெட்டி. அதற்கும் என்ஜினுக்கும் நடுவே இருந்து சேர்த்தும் பிரித்தும் வைக்கும் தரகர்தான் கிளட்ச்.

ஜி. டி. நாயுடு 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில் கியர் மாற்றுவது ஒரு தனி வித்தை. கிளட்சை இரு முறை மிதித்து, என்ஜினின் வேகத்தைக் காதால் அளந்து, சமயம் பார்த்துக் கோலைத் தள்ள வேண்டும். தவறினால் பற்கள் நறநறவென்று கடித்துக்கொள்ளும். இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் தானே சமப்படுத்தித் தரும் பித்தளை வளையங்கள் 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் வண்டியில் வந்தன. 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தானாகவே கியர் மாறும் பெட்டியை ஓல்ட்ஸ்மொபீல் வண்டிக்காக வெளியிட்டனர். நம் தேசத்தில் 2014-இல் மாருதி ஸெலேரியோ வந்தபின், கிளட்ச் மிதி இல்லாத வண்டி நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாயிற்று.

வசதி பெருகப் பெருக, ஓட்டுகிறவரின் காது மந்தமாகிவிட்டது என்பதுதான் விசனம். கியர் பெட்டி ஒருநாளும் சொல்லாமல் சாவதில்லை. முனகும், உறுமும், கடிக்கும், கசியும். கேட்பார் இருந்தால் செலவு சிறிது, இல்லாவிட்டால் பெரிது.

அது பேசும் பாஷையில் சில வார்த்தைகளை இங்கே சொல்லுகிறேன். என்ஜின் இரைகிறது, ஆனால் வண்டியின் வேகம் கூடவில்லை. கருகிய வாடையும் வருகிறது என்றால் கிளட்ச் தட்டு தேய்ந்து வழுக்குகிறது. எல்லாக் கியரும் கடித்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால் அந்தக் கியரின் பித்தளை வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும். கிளட்சை மிதித்ததும் சத்தம் பிறந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் சத்தம் அடங்கினால் பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் பேரிங். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி, திரும்பும்போது ‘டக் டக்’ என்று தாளம் போட்டால் சக்கரத்தருகே உள்ள ஜாயிண்டைப் பாருங்கள். அதன் ரப்பர் உறை கிழிந்து புழுதி புகுந்திருக்கும்.

பராமரிப்பு பெரிய சாஸ்திரமன்று. கிளட்ச் மிதியின்மேல் காலை ஓய்வாக வைத்திருக்கலாகாது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தையொட்டி வண்டிகள் ஆமைபோல் ஊரும் சாலைகளில், அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவோர் அநேகர். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பிரேக்கில் நிற்பதே தட்டுக்கு ஆயுள். கியர் ஆயிலைக் கம்பெனியார் குறித்த தவணைப்படி, அவர்கள் சொன்ன ரகமே பார்த்து மாற்ற வேண்டும். ‘எல்லாம் எண்ணெய்தானே!’ என்று வேறொன்றை ஊற்றினால் பித்தளை வளையங்கள் கெடக்கூடும். பழைய ஆயிலை வடிக்கும்போது மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு தெரிந்தால் பயமில்லை. உலோகச் சில்லுகள் தெரிந்தால் எங்கோ ஒரு பல் உடைந்திருக்கிறது. தானியங்கிக் கியருக்கும் இந்த நியாயம் உண்டு. அதன் ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் தாமதிக்கலாகாது. வண்டி முற்றிலும் நின்ற பிறகே கோலை நிறுத்தும் நிலைக்குத் தள்ள வேண்டும்.

இவையெல்லாம் பணத்தைப் பற்றிய பேச்சு. உயிரைப் பற்றிய பேச்சும் ஒன்று உண்டு. போளூரிலிருந்து ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதையைக் குழந்தை குட்டிகளுடன் போய் வந்தவர்கள் அறிவார்கள். ஏறுவதைவிட இறங்குவதே பரீட்சை. பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் உருட்டிவிடுகிறவர்கள், வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக்கின் தலையில் சுமத்துகிறார்கள். ஓயாமல் மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். தேருக்கு முட்டுக்கட்டை எப்படியோ, மலையிறக்கத்தில் வண்டிக்குக் கியர் அப்படி. கியர் தானாக நழுவி விடுபடும் வண்டியைக் கொண்டு மலையேறத் துணிவது விபரீதம்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் கொஞ்சம் விவேகம் வேண்டும். கிளட்ச் தட்டை மாற்றப் பெரும்பாலான வண்டிகளில் கியர் பெட்டியையே இறக்க வேண்டியிருக்கிறது. கூலியின் பெரும்பகுதி அதற்குத்தான். ஆகையால் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றி, எண்ணெய்க் கசிவையும் சோதித்துவிடுவது புத்திசாலித்தனம். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார், சந்தோஷமாக விளக்கிச் சொல்லுவார். கையெல்லாம் கிரீஸாக நிற்கும் அந்த மனிதரின் கல்வியும் கல்விதான். சுதேசி வண்டி வாங்குவதில் நமக்குப் பெருமை உண்டு. வாங்கியதைப் பேணிக் காப்பதும் சுதேசி தர்மத்தைச் சேர்ந்ததே.

பழுது பார்த்த தேரை நம் முன்னோர் உடனே உற்சவத்துக்கு இழுத்ததில்லை. முதலில் வெள்ளோட்டம் விட்டார்கள். கியர் பெட்டியைப் பிரித்துப் பூட்டிய வண்டிக்கும் அதுவே முறை. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, சமவெளியில் எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்து, காது கொடுத்துக் கேளுங்கள். அதன்பிறகு வீட்டாரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகலாம்.